மதுரைக்கு வந்து சேர்ந்தோரும் மதுரையின் சந்தையும்

மதுரையில் திருமலை நாயக்கர் மகாலைச் சூழ்ந்த தெருக்களிலும், அங்கிருந்து கீழவாசல், முனிச்சாலை, காமராசர் சாலை வழியாகத் தெப்பக்குளம் வரை நீளும் பகுதியிலும் செறிந்து வாழும் சௌராஷ்டிர மக்கள், ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளாக இந்நகரின் பட்டு நெசவிலும் சாயத் தொழிலிலும் துணி வணிகத்திலும் முன்னணியில் நின்றவர்கள். பட்டுநூல்காரர் என்று தமிழர்களால் அழைக்கப்பட்ட இவர்களின் வீட்டு மொழி இன்றும் குஜராத்தி, மராத்தி ஆகியவற்றோடு உறவுடைய சௌராஷ்டிரமே. அம்மொழியில் படிந்துள்ள தெலுங்கு, கன்னட, தமிழ்ச் சொற்கள் அவர்கள் கடந்து வந்த நாடுகளுக்குச் சான்றாக நிற்கின்றன. அதே மதுரையைச் சுற்றி ஆனையூர், திருவாதவூர், உச்சப்பட்டி ஆகிய இடங்களில், 1983க்குப் பின் இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த தமிழர்களின் முகாம்கள் உள்ளன. அயல்மொழி பேசி வந்தவர்கள் நகரத்தின் செல்வத்தைப் பெருக்கும் சமூகமாக வேரூன்றினர்; தமிழே பேசி வந்தவர்களோ நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் முகாம்வாசிகளாகவே இருக்கின்றனர். இவ்வேறுபாட்டிற்கான காரணத்தை வந்தவர்களின் இயல்பிலோ ஏற்றவர்களின் இரக்கத்திலோ தேடுவது போதாது. வந்தவர்கள் எந்த நிபந்தனைகளின் பேரில் உள்ளூர்ச் சந்தைக்குள் அனுமதிக்கப்பட்டனர் என்பதிலேயே அது பெரிதும் அடங்கியுள்ளது.

பட்டு நெசவாளரின் இடப்பெயர்ச்சி பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று, மத்தியப் பிரதேசத்தின் மந்தசோரில் உள்ள வடமொழிக் கல்வெட்டாகும். தென் குஜராத்தைச் சேர்ந்த லாட நாட்டிலிருந்து புறப்பட்ட பட்டு நெசவாளர் சிரேணி ஒன்று, அதாவது ஒரே தொழில் செய்வோர் தமக்குள் விதிகளும் பொதுநிதியும் வகுத்துக்கொண்டு இயங்கிய தொழிற்குழு, தசபுரம் என்ற அந்நகரில் குடியேறி, மாளவ ஆண்டு 493இல், அதாவது கி.பி. 436-37இல், சூரியனுக்குக் கோயில் எடுத்ததை அது கூறுகிறது. குடியேறியவர்களில் சிலர் நெசவை விட்டு வில்வித்தை, சோதிடம் முதலிய துறைகளுக்குச் சென்றதையும் அக்கல்வெட்டு பெருமையோடு பதிவு செய்கிறது. மதுரைச் சௌராஷ்டிரர் இக்குழுவின் நேர் வழியினரே என நிறுவும் சான்று கல்வெட்டில் இல்லை. எனினும் குடியேறிய நெசவாளர் புதிய ஊரில் எவ்வாறு வேர்விடுவர் என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது. சமூகத்தின் மரபுக் கதையோ, 11ஆம் நூற்றாண்டில் கஜினி முகமது சோமநாதபுரத்தின் மீது படையெடுத்ததைப் புறப்பாட்டின் தொடக்கமாகவும், யாதவர்களின் தேவகிரியையும் விஜயநகரத்தையும் இடைத் தங்கல்களாகவும், 1565ஆம் ஆண்டு தலைக்கோட்டைப் போருக்குப் பின் விஜயநகரம் சிதைந்ததைத் தெற்கு நோக்கிய பயணத்தின் காரணமாகவும் கொள்கிறது. இப்பயணம் ஒரே தலைமுறையில் நிகழ்ந்ததன்று. கும்பகோணம், தஞ்சாவூர், சேலம், திண்டுக்கல், பரமக்குடி என்று பல ஊர்களில் அவர்கள் பிரிந்து தங்கியிருப்பது, அலை அலையாக வந்தமைக்கும், நெசவுக்கு ஆதரவு கிடைத்த இடங்களைத் தேடி நகர்ந்தமைக்கும் அடையாளமாகும்.

அந்த ஆதரவை மதுரையில் தந்தது நாயக்கர் அரசவை. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர், தலைநகரைத் திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்கு மாற்றி, மகாலைக் கட்டி, மீனாட்சி சுந்தரேசுவரர் கோயில் விழாக்களை விரிவுபடுத்தியபோது, பட்டுக்கும் சரிகைக்கும் முன்பில்லாத தேவை எழுந்தது. அரசன் அணியும் ஆடை, பாளையக்காரர்களுக்கு மரியாதையாக வழங்கும் சால்வை, தெய்வத் திருமேனிகளுக்குச் சார்த்தும் பரிவட்டம், மணவறைச் சேலை ஆகிய அனைத்திலும் உயர்ந்த துணியே மதிப்பின் அளவுகோலாக இருந்த காலம் அது. இவ்வகைத் துணிகளை நெய்யும் திறனைப் பரம்பரையாகக் கொண்டவர்கள் வந்து சேர்ந்ததும், அவர்களுக்கு அரண்மனையை ஒட்டியே குடியிருப்பு கிடைத்ததென மரபு கூறுகிறது. குழித்தறி போட இடமும், பாவு நீட்ட நேரான நீண்ட தெருவும், நூலை அலச நீரும் அருகருகே அமைந்தாலன்றி நெசவுத் தொழில் நடைபெறாது. வாங்குவோரின் வாசலிலேயே அத்தகைய இடம் கிடைத்தது, வந்தவர்களின் முதல் மூலதனமாயிற்று.

தறியும் கைத்திறனும் மட்டும் கொண்டு வந்தவர்களுக்கு மற்ற அனைத்தையும் சுற்றுப்புற நாடே தர வேண்டியிருந்தது என்பதால், அவர்களின் ஒவ்வொரு சேலையிலும் ஊராரின் உழைப்பு கலந்திருந்தது. திருமங்கலம் தொடங்கித் தெற்கே விரியும் கரிசல் நிலத்தில் விளைந்த பருத்தியைக் கிராமத்துப் பெண்கள் இராட்டையில் நூற்று, சந்தைக்குக் கொண்டு வந்தனர். தறிச் சட்டத்தைத் தச்சர் செய்தனர்; பாவுக்குப் போடும் கஞ்சிக்கு வைகைப் பாசனத்தின் அரிசி சென்றது; பட்டு நூலையும் சரிகையையும் தொலைவிலிருந்து தருவித்த வணிகர்கள் அவற்றைத் தவணைக்குக் கொடுத்தனர். நெய்தவர் வெளியூரார் என்பதால் உள்ளூரார் வேலை இழந்தனர் என்று கணக்கிடுவது எளிது. ஆனால் ஒரு தறி ஓடுவதற்கு நூற்பவர், தார் சுற்றுபவர், பாவு ஓட்டுபவர், சாயமிடுபவர், விற்பவர் எனப் பல கைகள் தேவைப்படும் தொழிலில், ஒரு புதிய தறி பலருக்கு வேலையைப் பிறப்பித்தது என்பதே உண்மையான கணக்காகும். இந்தப் பிணைப்பு இல்லாதிருந்தால், அரசன் அழைத்து வந்த அயலார் என்ற நிலையிலேயே அவர்கள் நின்று, அரசன் மறைந்ததும் மறைந்திருப்பர். திருமலை நாயக்கருக்குப் பின் சொக்கநாத நாயக்கர் தலைநகரை மீண்டும் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோதும் நெசவாளர் மதுரையிலேயே தங்கியதற்கு, அதற்குள் அவர்கள் அரசவையை மட்டும் நம்பியிராமல் ஊரின் சந்தையோடு பிணைந்துவிட்டமையே தக்க விளக்கமாகத் தோன்றுகிறது.

இப்பிணைப்பு மிக நுட்பமாக வெளிப்பட்ட துறை சாயத் தொழிலாகும். மதுரையின் புகழ்பெற்ற சிவப்பு, இம்பூறல் என்றும் சாயவேர் என்றும் வழங்கும் சிறு செடியின் வேரிலிருந்து எடுக்கப்பட்டது. தென் மாவட்டக் கடலோர மணற்பாங்குகளில் தானே முளைத்தும் பயிரிடப்பட்டும் வந்த அவ்வேரைத் தோண்டிச் சேர்த்து விற்பது கடற்கரை ஏழைகளின் பிழைப்புகளுள் ஒன்றாக இருந்தது. நூலை எண்ணெயிலும் சாம்பல் நீரிலும் ஆட்டுச்சாணக் கரைசலிலும் மாறி மாறித் தோய்த்து வெயிலில் காயவைத்து, படிகாரம் ஏற்றி, பின்னர் வேர்ச் சாற்றில் கொதிக்க வைக்கும் இம்முறைக்குப் பல நாட்கள் பிடிக்கும். படிகாரம் போன்ற ஏற்றுபொருள், நிறத்தை இழையோடு பிணைத்து, துவைத்தாலும் போகாமல் நிறுத்துகிறது. வைகை நீருக்குச் சிவப்பைத் துலக்கிக் காட்டும் தன்மை உண்டென்பது சாயக்காரர்களிடையே வேரூன்றிய நம்பிக்கை. வடக்கிலிருந்து வந்த கைத்திறனும், கடற்கரையில் தோண்டிய வேரும், எண்ணெய் ஆட்டுவோரின் எண்ணெயும், ஆடு வளர்ப்போரின் கிடைச் சாணமும், ஆற்றின் நீரும் ஒரே நூலில் கூடியபோதுதான் மதுரைச் சிவப்பு பிறந்தது. அதனை வந்தவர்களுடையது என்றோ இருந்தவர்களுடையது என்றோ பிரித்துச் சொல்ல இயலாது.

சுங்குடிச் சேலையும் இதற்கு மற்றொரு சான்று. துணியை நகத்தால் கிள்ளிப் பிடித்து நூலால் சிறு சிறு முடிச்சுகளாகக் கட்டி, சாயத்தில் நனைத்து, பின் முடிச்சை அவிழ்க்கும்போது சாயம் புகாத இடங்கள் புள்ளிகளாக மலரும் இக்கலை, குஜராத்தின் பாந்தனி வேலைப்பாட்டோடு உறவுடையது. பட்டிலும் செய்யப்படும் பாந்தனியைப் போலன்றி, மதுரையில் அது வெயிலுக்கு ஏற்ற மெல்லிய பருத்திச் சேலையாக வளர்ந்து, தமிழ்ப் பெண்களின் அன்றாட உடையாகி, ஊரின் பெயராலேயே அறியப்பட்டது. ஆயிரக்கணக்கான முடிச்சுகளை வீட்டில் அமர்ந்து போட்டவர்கள் பெண்கள். குடும்ப வருமானத்தில் அவர்களின் பங்கு பெரிதாயினும், முடிச்சுக்கு இவ்வளவு என்று கிடைத்த கூலி என்றும் சிறிதாகவே இருந்தது. 2005இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. ஒரு பொருளின் தரமும் பெயரும் குறிப்பிட்ட நிலப்பகுதியோடு பிணைந்தவை என்பதற்குச் சட்டம் தரும் இவ்வங்கீகாரம், குடிபெயர்ந்து வந்தவர்களின் கைவேலையை மதுரை மண்ணுக்கே உரியதென அரசின் ஏட்டில் எழுதிவிட்டது. அச்சு முறையில் புள்ளியிடும் மலிவான சேலைகள் இன்று கைமுடிச்சுக்காரர்களின் பிழைப்பைப் பெரிதும் அரித்துவிட்டன என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

உறவு எப்போதும் இணக்கமாக இருந்ததென்று கொள்வதற்கில்லை. தமிழகத்தில் கைக்கோளர், சேடர், தேவாங்கர் முதலிய நெசவுச் சமூகங்கள் முன்பே இருந்தன. கோயில்களோடும் ஊர்ச் சபைகளோடும் நீண்ட தொடர்புடைய அவர்களுக்குப் புதியவர்கள் போட்டியாளர்களே. பட்டு, சரிகைக் கரைத் துணி, சாயமேற்றிய நூல் என விலையுயர்ந்த வகைகளில் புதியவர்கள் நிலைகொண்டதும், முரட்டுத் துணியும் நடுத்தரப் பருத்தியும் மற்றவர்களிடம் நீடித்ததும் மோதலைத் தணித்திருக்க வேண்டும். இருப்பினும் தகுதி பற்றிய வழக்கு வேறு வழியில் வெடித்தது. தம்மைப் பிராமணராகக் கருதிய சௌராஷ்டிரர் உபாகருமம் என்ற பூணூல் சடங்கைச் செய்ததற்காக அவர்களில் 18 பேர் சிறைப்பிடிக்கப்பட்டனர் என்றும், 1689 முதல் ஆட்சிப் பொறுப்பை நடத்திய இராணி மங்கம்மாள் சாத்திரம் வல்லாரைக் கூட்டி விசாரித்து, அச்சடங்கைச் செய்யும் உரிமையை ஓலைச் சாசனத்தால் உறுதிப்படுத்தினார் என்றும் பதிவுகள் கூறுகின்றன. இதனைச் சமயச் சிக்கலாக மட்டும் படிப்பது போதாது. தறிக்கும் கடைக்கும் வரி வாங்கிய அரசுக்கு, நகரத்தின் வளமான நெசவாளர் ஊரைவிட்டுப் போகாமலிருப்பது கருவூலக் கணக்கும் ஆகும். நெசவாளர் கூட்டமாக ஊரை விட்டு வெளியேறுவது தென்னிந்தியாவில் ஆள்வோர் அஞ்சிய எதிர்ப்பு வடிவமாக இருந்தது. போவதற்கு வேறு ஊர் உண்டு என்ற நிலையே வந்தவர்களின் பேரம் பேசும் வலிமையாக இருந்தது.

சமூகத்திற்குள்ளும் சமநிலை இல்லை. நூலும் முன்பணமும் கொடுத்துத் துணியைத் திரும்பப் பெறும் தறி முதலாளிகளும், கூலிக்கு நெய்து முன்பணக் கடனில் அழுந்திக் கிடந்த நெசவாளரும் ஒரே மொழி பேசினர், ஒரே கோயிலில் தொழுதனர். ஆனால் ஒரே வாழ்க்கையை வாழவில்லை. அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியது மகமை என்ற ஏற்பாடு: வணிகத்தில் கைமாறும் சரக்குக்கு இவ்வளவு என்று வணிகர்கள் தாமே விதித்துக்கொண்டு பொதுநிதிக்குச் செலுத்தும் சிறு தொகை அது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையில் உருவான சௌராஷ்டிர சபையும், அச்சமூகம் நடத்திய பள்ளிகளும், தெற்கு மாசி வீதியில் அமைந்த பிரசன்ன வேங்கடேசப் பெருமாள் கோயிலின் பணிகளும் இவ்வகைக் கூட்டு நிதியாலும் செல்வர்களின் கொடையாலும் வளர்ந்தன. மந்தசோர்க் கல்வெட்டின் சிரேணியை நினைவூட்டும் இவ்வமைப்பு, வந்தவர்கள் ஊராரின் தருமத்தை எதிர்பார்க்காமல் தம் ஏழைகளைத் தாமே தாங்க உதவியது. சங்கம் அமைக்கவும், நிதி திரட்டவும், சொத்து வாங்கவும் தடையில்லாத நிலையில்தான் இது இயன்றது என்பது இங்கு முதன்மையானது.

ஆங்கிலேயர் ஆட்சியில் மொகதர்பா என்ற தொழில்வரி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தறிகளை அழுத்தியது. இலங்காஷயர் ஆலைத் துணி சாதாரண நெசவை நசுக்கியது. 1840களை ஒட்டிக் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவர்கள் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டபோது நகரம் வெளியே விரியத் தொடங்கியது. 1870களின் நடுவில் இருப்புப்பாதை வந்தது. 1890களின் தொடக்கத்தில் ஹார்வி சகோதரர்களின் மதுரை ஆலை நூல் உற்பத்தியைத் தொடங்கியது. கைநூற்பு மறைந்து ஆலை நூல் வந்ததும், கிராமத்து நூற்புப் பெண்களுடனான பழைய உறவு அறுந்து, நூல் வணிகர் வழியாக ஆலையோடு புதிய உறவு பிறந்தது. 1860களின் இறுதியில் செருமானிய வேதியியலாளர் அலிசரின் என்ற செயற்கைச் சிவப்புச் சாயத்தைக் கண்டறிந்த பின், அந்தச் சாயம் சில பத்தாண்டுகளில் மதுரைக்கு வந்து, சாயவேர் தோண்டியவர்களின் வாழ்வைச் சத்தமின்றி முடித்து வைத்தது. அதே வேளையில் மதுரைச் சாயக்காரர் புதிய பொருளை விரைந்து கற்று, தென்னிந்தியாவின் நூல் சாயமேற்றும் பெரும் மையமாகத் தம் ஊரை உயர்த்தினர். முதல் உலகப் போர் செருமானியச் சாய வரவைத் தடுத்தபோது அவ்வுயர்வு எவ்வளவு தொலைவில் உள்ள தொழிற்சாலையை நம்பியிருந்தது என்பதும் வெளிப்பட்டது. நெசவுச் செல்வம் பொது வாழ்வுக்கும் வழிவிட்டது: மதுரைக் காந்தி எனப்பட்ட என்.எம்.ஆர். சுப்பராமன் (1905–1983) இச்சமூகத்தின் வசதியான குடும்பமொன்றில் பிறந்து, விடுதலைப் போராட்டத்திலும் 1939ஆம் ஆண்டு மீனாட்சியம்மன் கோயில் நுழைவு முயற்சியிலும் பங்கு கொண்டார். இன்று தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சௌராஷ்டிரர் பட்டுநூல்காரர் என்ற பெயரோடு இடம்பெறுகின்றனர். அது அவர்கள் முழுமையாக இம்மாநிலத்தின் குடிகளாக எண்ணப்படுவதன் அடையாளம்.

இதனோடு ஒப்பிடத்தக்கது இலண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதி. 1685இல் பிரான்சு மன்னர் சமய உரிமை ஆணையை நீக்கியதும் ஓடிவந்த ஹியூகனாட்டுகள், அதாவது பிரெஞ்சுப் புராட்டஸ்டன்டுகள், அங்கே பட்டு நெசவை வளர்த்தனர். உள்ளூர் நெசவாளர் முதலில் அவர்களை வெறுத்தாலும், ஒரு தலைமுறைக்குள் இருசாராரும் ஒரே தொழிலின் பங்காளிகளாகி, 1719இல் இந்தியாவிலிருந்து வந்த அச்சிட்ட பருத்தித் துணிக்கு எதிராகக் கலவரம் செய்யும் அளவுக்கு நலன்கள் ஒன்றாயின. சோழமண்டலக் கரையின் துணியும் அக்கோபத்திற்கு இலக்கானது. 1721இல் பிரித்தானிய நாடாளுமன்றம் அவ்வகைத் துணியை அணிவதையே தடை செய்தது. இரு நகரங்களிலும் அடைக்கலம் தேடிவந்த நெசவாளருக்குத் தொழில் செய்யும் உரிமை முதலில் கிடைத்தது. ஊராரோடு ஒன்றும் உணர்வு அதன் பின்னரே வந்தது.

20ஆம் நூற்றாண்டு மதுரைச் சமவெளிக்கு வேறு வகையான வரவுகளைக் கொண்டு வந்தது. 1942இல் சப்பானியப் படையெடுப்பை அடுத்துப் பர்மாவிலிருந்து ஏறத்தாழ 5 லட்சம் இந்தியர் நடந்தும் கப்பலேறியும் தப்பினர். அவர்களில் மதுரை, இராமநாதபுரம் வட்டாரத்தாரும் இருந்தனர். ஊருக்குப் பணம் அனுப்பிக் கொண்டிருந்தவர்கள் வெறுங்கையோடு வந்ததும், பர்மா அரிசி வரத்து நின்றதும் ஒரே காலத்தில் நிகழ்ந்தமையால், ஏற்ற ஊர்களின் நெருக்கடி இரட்டிப்பாயிற்று. 1962க்குப் பின் பர்மாவில் நே வின் அரசு வணிகத்தை நாட்டுடைமையாக்கியபோது மீண்டும் ஒரு கூட்டம் திரும்பியது; 1964ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத் தமிழர் 5,25,000 பேருக்கு இந்தியக் குடியுரிமை தர ஒப்புக்கொள்ளப்பட்டது. தாயகம் திரும்பியோர் என்று அரசு அழைத்த இவர்களுக்குக் கடனும் வேலையும் தருவதற்கென 1969இல் ரெப்கோ வங்கி அமைந்தது. தேயிலைத் தோட்டங்களிலும் நூற்பாலைகளிலும் இடங்கள் ஒதுக்கப்பட்டன. குறைகள் பல இருந்தன. கொடுத்த கடன் பலரிடம் தங்கவில்லை. ஆயினும் அவர்கள் குடிமக்கள். சந்தையில் தோற்றாலும் அடுத்த ஊருக்குச் சென்று மீண்டும் முயல அவர்களை எவரும் தடுக்கவில்லை.

இலங்கையில் நடந்த 1983 சூலைப் படுகொலைகளுக்குப் பின் வந்த ஈழத் தமிழருக்கு இவ்வாய்ப்பு இல்லை. இராமேசுவரம், தனுஷ்கோடிக் கரைகளில் இறங்கியவர்கள், முன்னர் இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரைத் தங்கவைத்துப் பரிசோதிக்கக் கட்டப்பட்ட மண்டபம் முகாமில் பதிவு செய்யப்பட்டு, மாநிலத்தின் உள்மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். 1990, 1996, 2006 ஆகிய ஆண்டுகளை ஒட்டி மேலும் மேலும் வந்தனர். இவர்களில் கணிசமானோர் மலையகத் தமிழர். 19ஆம் நூற்றாண்டில் மதுரை, திருச்சி, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பிக் கடல் கடந்தவர்களின் கொள்ளுப்பேரர்கள், அதே சீமைக்கு அயல்நாட்டாராகத் திரும்பினர். பத்தடிக்குப் பத்தடி அறை, மாதந்தோறும் பணக்கொடை, கிலோ 57 பைசா விலையில் அரிசி என்பது தமிழக அரசு அப்போது ஏற்படுத்திய தாங்குநிலை. உயிர்காத்த அவ்வுதவியைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையன்று. ஆனால் குறிப்பிட்ட நாட்களில் கணக்கெடுப்புக்கு முகாமில் இருந்தாக வேண்டும், வெளியே தங்கப் போவதற்கு அனுமதி பெற வேண்டும் என்ற விதிகள் அவர்களின் பொருளியல் வாழ்வின் எல்லையை வரைந்தன. 1991 மே மாதம் இராசீவ் காந்தி கொல்லப்பட்ட பின் இக்கட்டுப்பாடுகள் மேலும் இறுகி, உயர்கல்வி வாய்ப்பும் சில ஆண்டுகள் அடைபட்டது.

அன்றன்று போய் அன்றன்று திரும்பக்கூடிய வேலைதான் இத்தகைய வாழ்வுக்குப் பொருந்தும். தமிழகம் முழுவதும் முகாம் ஆண்கள் பெயிண்டர்களாக மாறியதன் காரணம் இதுவே: முதலீடாகத் தூரிகையும் வாளியும் போதும், சான்றிதழ் தேவையில்லை, கூலி மாலையில் கைக்கு வரும். மதுரை நகரம் வடக்கும் தெற்குமாக விரிந்து, ஆனையூர் 2011இல் மாநகராட்சியோடு இணைந்து, தோப்பூர்-உச்சப்பட்டிப் பக்கம் துணைக்கோள் நகரம் திட்டமிடப்பட்ட காலத்தில், புது வீடுகளின் சுவர்களுக்கு வண்ணம் பூசும் கைகளை முகாம்கள் அருகிலிருந்து தந்தன. பெரியாறு-வைகைப் பாசனத்தில் நெல் விளையும் மேலூர் வட்டத்தில் திருவாதவூர் முகாம் அமைந்திருப்பதால், நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் தேவைப்படும் ஊர்கள் அதைச் சுற்றியே உள்ளன. பணக்கொடையும் கூலியும் பக்கத்து மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலுமே செலவாகின்றன. குறைந்த கூலிக்கு ஒப்புக்கொண்டு உள்ளூர்த் தொழிலாளரின் பேரத்தைக் கெடுக்கின்றனர் என்ற குற்றச்சாட்டு இத்தகைய இடங்களில் எழுவது இயல்பு. ஆனால் கூலியைக் குறைப்பது அகதியின் விருப்பமன்று. வேறு ஊருக்குப் போய் நல்ல கூலி கேட்க முடியாதவனின் நிலையை ஒப்பந்தக்காரர் அறிந்திருப்பதே கூலியைக் குறைக்கிறது. மங்கம்மாள் காலத்து நெசவாளரிடம் இருந்த வலிமை, இடம் மாறக்கூடிய உரிமை, இவர்களிடம் இல்லை.

இரு வரலாறுகளையும் நேர்க்கோட்டில் வைத்து ஒப்பிடுவதற்கு வரம்பு உண்டு. பட்டுநூல்காரர் அரசவைக்குத் தேவைப்பட்ட அரிய திறனோடு வந்தனர். ஈழத்திலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் மீனவரும் உழவரும் தோட்டத் தொழிலாளரும் ஆவர், அவர்களின் திறன் கடலையும் நிலத்தையும் சார்ந்தது, அவ்விரண்டும் பின்னால் விடப்பட்டன. நாயக்கர் அரசு கடவுச்சீட்டு அறியாதது. இன்றைய அரசு எல்லையை அறியும். இவற்றை ஒப்புக்கொண்ட பின்னும் ஒன்று எஞ்சுகிறது: நான்கு தலைமுறை தொழில் நடத்துவதற்குத் தேவையான கடன், சொத்து, சங்கம், நடமாட்டம் ஆகியவற்றில் எதையும் தடையின்றிப் பெறாத ஒரு சமூகத்திடம், அது ஏன் இன்னும் உதவித்தொகையில் வாழ்கிறது என்று கேட்பது நியாயமன்று. இந்தியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. எனினும் 1959க்குப் பின் வந்த திபெத்தியருக்கு மைசூர் மாநிலத்தின் பைலகுப்பேயில் ஏறத்தாழ 3,000 ஏக்கர் நிலம் குத்தகைக்கு விடப்பட்டு, அவர்கள் காடு திருத்தி மக்காச்சோளம் பயிரிட்டு, சுற்றுவட்டாரச் சந்தையோடு உறவாட முடிந்தது. விருப்பம் இருந்தால் சட்டம் வழிவிடும் என்பதை அந்த ஏற்பாடு மெய்ப்பிக்கிறது.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்து, 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தரவும், குடும்பத் தலைவருக்கான மாதக் கொடையை 1,500 ரூபாயாக உயர்த்தவும் முன்வந்தது. முகாம்கள் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் எனப் பெயர் மாறின. அப்போது அரசு தந்த கணக்கின்படி 58,822 பேர் முகாம்களிலும், 34,087 பேர் காவல்துறைப் பதிவோடு வெளியிலும் வாழ்ந்தனர். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019இல் திருச்சி முகாமைச் சேர்ந்த 65 பேரின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கும்படி கூறியது; அதே ஆண்டில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டமோ இலங்கையரைச் சேர்க்கவில்லை. இந்திய மண்ணில் 1987 சூலை 1ஆம் நாளுக்கு முன் பிறந்தவர் பிறப்பால் குடிமக்கள். அதன் பின் முகாமில் பிறந்தவர்களுக்கு, தாய்தந்தையரில் ஒருவரேனும் இந்தியராக இல்லாதவரை, அவ்வுரிமை இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 சனவரி 9ஆம் நாள் வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் குடிவரவுச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு அளித்தது. தண்டிக்கப்படாமல் வாழலாம் என்பது வேறு, தொழில் தொடங்கி நிலம் வாங்கிப் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம் என்பது வேறு. ஆனையூரிலும் திருவாதவூரிலும் உச்சப்பட்டியிலும் பிறந்து, மதுரைப் பள்ளிகளில் படித்து, மதுரை வீடுகளுக்கு வண்ணம் பூசும் தலைமுறைக்காவது குடியுரிமையையும், அதன் வழியே வங்கிக் கடனையும் நில உடைமையையும் வழங்க மத்திய அரசு இனியும் காலம் தாழ்த்தலாகாது. அதைக் கேட்டுப் பெறுவதில் மதுரை மக்கள் முன்நிற்க வேண்டும்.